கீழே தட்டினால் எரியும் விளக்கு

ரதி வயரிங் பழகியது அறுபது வயதுக்குப் பிறகு. குறடும் கரண்ட் பார்க்கும் ரெஸ்ரருமாக வீட்டுக்குள் திரியும் அவளைப் பற்றிக் கோயிலில் நாலு பேர் நாலு விதமாகக் கதைக்கிறார்கள். கஞ்சத்தனம் என்பவர்களும் உண்டு, பொழுது போகவில்லை என்பவர்களும் உண்டு. போன கிழமை ஒருத்தி என்னிடமே வந்து, "உங்கட மச்சாளுக்குக் கொஞ்சம் கழண்டிட்டுதோ?" என்று கேட்டாள். கழண்டது மச்சாளுக்கு அல்ல, என் அண்ணனுக்கு. அதைக் கோயில் வாசலில் நின்று சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

நானும் ரதியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. என் அண்ணன் சிவபாதத்துக்கு அவளைக் கேட்டுக் கொடுத்ததே நான்தான். கலியாண எழுத்து முடிந்த சூட்டோடு அண்ணன் அகதியாகக் கனடாவுக்கு வந்துவிட்டார். ஸ்பொன்சர் அலுவல் சரிவரும்வரை ரதி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் வருடக்கணக்காக இருந்தாள். தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், பின்னால் நிற்பவர்கள் கதவைத் தட்டும்வரை கதைப்பாள். துணைக்குப் போயிருந்த நான், அப்படி என்னதான் கதைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அவர் அங்கத்தைக் குளிரைப் பற்றிச் சொல்லுவார், நான் கேட்டுக்கொண்டு நிப்பன்" என்றாள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். குளிரைப் பற்றிக் கேட்பதற்கு அப்படியொரு முகம் எனக்கு வராது.

வந்து சேர்ந்த பிறகு எல்லாருக்கும் நடந்ததுதான் அவர்களுக்கும். அவள் முதலில் பாண் சுடும் தொழிற்சாலையில், பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அண்ணன் பார்சல் கம்பனியில் இரவு வேலை. ஸ்காபரோவில் மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். அதன் நிலத்தடித் தளமான பேஸ்மென்றுக்கு அண்ணன் தானே வயர் இழுத்தார். நூலகத்திலிருந்து தடித்த வயரிங் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, திருப்பிக் கொடுக்கும் நாளை நீட்டி நீட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் படித்தார். புத்தகம் சொன்னதையெல்லாம் கேட்டார், ஒன்றைத் தவிர. இந்த நாட்டில் சுவிட்சை மேலே தட்டினால் விளக்கு எரியும். ஊரில் கீழே தட்டினால் எரியும். அண்ணனின் கை ஊர்க் கையாகவே இருந்தது. கீழே தட்டித் தட்டி அலுத்துப்போய், பேஸ்மென்றில் இருந்த அத்தனை சுவிட்சையும் தலைகீழாகப் பூட்டிவிட்டார். அந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு சட்டம். மேல் மாடியில் மேலே தட்ட வேண்டும், பேஸ்மென்றில் கீழே தட்ட வேண்டும். பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். எனக்கும் அந்தப் படியடியில் கை தானாகக் கீழேதான் போகும்.

சுவிட்சில் பிடிவாதம் பிடித்தவர் கம்பியின் நிறத்தில் மட்டும் விளையாட மாட்டார். ஊரில் கரண்ட் வருவது சிவப்புக் கம்பியில். அது திரும்பிப் போகும் நியூட்ரல் கறுப்பு. இங்கே கரண்ட் வருவதே கறுப்பில், நியூட்ரல் வெள்ளை. புதிதாக வீடு வாங்கிய தமிழர் யாரைக் கண்டாலும் அண்ணன் பிடித்து வைத்துக்கொள்வார். "எதை மறந்தாலும் இதை மறந்திடாதேயும், தம்பி. இஞ்ச கறுப்புத்தான் யமன். ஊர் நினைப்பில கையை வைச்சீரெண்டால் சரி." கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். "தொடங்கீட்டார்" என்று ரதி தலையில் கை வைப்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் அண்ணன் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போனார். பூட்டிக் கிடந்த வீட்டைத் திருத்திவிட்டுச் கோடைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். கூரை முடிந்தது. பிறகு கிணற்று மோட்டார். பிறகு மதில். மதிலுக்குப் பிறகும் ஒரு வீட்டில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உனக்கு உது விளங்காது" என்றார். இரண்டு வின்ரர் போய்விட்டது. சண்டை கிடையாது, வேறு பெண் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நான் பிளேன் ஏறிப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அங்கே அவர் சிவபாதத்தார். ஆலோசனை கேட்க ஆட்கள் படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். இங்கே ஓய்வெடுத்த பிறகு வாசலில் அவர் கண்டது விளம்பர ஃப்ளையர் போடுகிறவரை மட்டும்தான். அது எனக்கு விளங்குகிறது. விளங்கினால் கோபம் வரக்கூடாது என்று யார் சொன்னது? ரதிக்கு இன்னும் வேலை இருக்கிறது. மகன் மிதுனனும் பேரப்பிள்ளையும் பக்கத்தில் விட்பியில். முழங்கால் வருத்தத்துக்குப் பார்க்கும் டொக்டரும் இங்கேதான். அவளால் அங்கே போய் இருக்க முடியாது. அவருக்கு இங்கே வந்து இருக்க மனமில்லை.

ஞாயிறு காலையில் ரதி அவருக்கு வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுப்பாள். அங்கே பின்னேரமாக இருக்கும். "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "அங்க மழையோ?" "இல்லை." "இஞ்ச ஸ்னோ கொட்டுது." "ம்." பிறகு அவர் ஃபோனைச் சாய்த்துவைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ரதி அவருடைய முகட்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்க, முதல் வின்ரரில் சமையலறை விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியது. வேறு கதை இல்லாததால் ரதி அதைச் சொன்னாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "இஞ்சேரும், ஃபோனைத் திருப்பிக் காட்டும். முதல்ல பிரேக்கரை நிப்பாட்டும். நிப்பாட்டினீரோ? ரெஸ்ரரால தொட்டுப் பாரும். கதிரை ஆடாமல் வையும். கை கவனம்." அரை மணித்தியாலம் கதைத்தாராம். விளக்கு திருந்தியது. அதை என்னிடம் சொன்னபோது ரதி விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "எனக்குக் கை கவனம் எண்டு சொன்னவர்" என்பதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கு இன்னொரு கேள்வி வேண்டும். கேள்வி கேட்கவும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். ரதி யூரியூப்புக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு தாடிக்காரன் அகப்பட்டான். ஒவ்வொரு வீடியோவிலும், இதற்கு முன் தான் சொன்னதே இல்லை என்பதுபோல, முதலில் பிரேக்கரை நிறுத்துங்கள் என்று தொடங்குவான். ரதி அவனை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, திரும்பவும் கேட்பாள். "நல்ல பொடியன், கௌசி. ஆறுதலாச் சொல்லுறான்" என்பாள். நான் போகும் நேரமெல்லாம் அவன்தான் சமையலறையில் நிற்பான். என் அண்ணனைவிட அவன்தான் அந்த வீட்டில் கூட நேரம் இருந்தான்.

குளியலறை மின்விசிறியை மாற்றினாள். வாசல் விளக்கை மாற்றினாள். தண்ணீர் பட்டால் தானாக நின்றுவிடும் பிளக் ஒன்றைக் குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் பூட்டினாள். மிதுனன் வந்து பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்தான். "அம்மா, ப்ளீஸ், திஸ் இஸ் நொட் சேஃப். நான் ஒரு எலெக்ட்ரிஷியனை புக் பண்ணுறன்."

"அப்பா சொல்லித் தாறார்தானே."

"அம்மா, அப்பா இஸ் இன் ஜஃப்னா."

ரதி குறட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மார்க்கம் நகரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் போனபோது, வீட்டு நடைச் சுவிட்சைப் புதிதாகப் பூட்டி, மூடியும் போட்டு, தூசியும் துடைத்துவிட்டிருந்தாள். அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் எழும்பி வந்து பார்த்தால், பிரேக்கரை நிறுத்தி, அதே மூடியைக் கழற்றி, கம்பிகளை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு அண்ணனுக்கு எடுத்து, "இஞ்சேருங்கோ, இதில எது எங்க போறது?" என்று கேட்கிறாள். அண்ணனும் வலு உற்சாகமாகச் சொல்லிக்கொடுக்கிறார். இவளும் ஒன்றும் தெரியாதவள்போல ஓம் ஓம் என்கிறாள். கதைத்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"செய்து முடிச்சதை ஏனடி கழட்டிறாய்?"

"வாறீங்களோ எண்டு கேட்டால் 'பாப்பம்' எண்டுவார். அதோட கதை முடிஞ்சிடும். வயரைக் கேட்டால் அரை மணித்தியாலம் என்னோட இருப்பார்." கம்பிகளைத் திரும்ப உள்ளே மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவரைப் பாக்க ஆசையாக் கிடக்கு, கௌசி. வேறென்ன செய்யச் சொல்லுறாய்?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணன் மீதா, அவளைக் கேட்டுக் கொடுத்த என் மீதா என்று தெரியவில்லை.

இந்த வருடம் ஸ்னோ கரையத் தொடங்கிய நேரம் அண்ணன் தானாகவே ஒரு வார்த்தை சொன்னார். "மே மாதம் ஒருக்கா வந்து பாப்பமெண்டு யோசிக்கிறன்." நான் கேட்டிருந்தால் அதில் யோசிப்பது மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ரதியின் காதில் விழுந்தது வருகிறார் என்பது மட்டும்.

பேஸ்மென்றின் மூலையில் அண்ணனின் வேலை மேசை இருக்கிறது. ஜன்னல் இல்லாத மூலை. எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவர் தன் மேசைக்கு மட்டும் ஒரு விளக்குப் போடவில்லை. கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார், இருட்டைத் திட்டுவார், பிறகு மறந்துவிடுவார். அந்த மேசைக்கு மேலே நல்ல வெளிச்சமாக ஒரு விளக்குப் போட வேண்டும், அவர் வரும்போது அது எரிய வேண்டும் என்று ரதி தீர்மானித்தாள். வீட்டுக்காரர் தாங்களே வேலை செய்வதென்றால் முறைப்படி அறிவிக்க வேண்டும் என்று தாடிக்காரன் சொல்லியிருந்தான். அறிவித்தாள். இன்ஸ்பெக்டர் வந்து, இழுத்த வயரைப் பார்த்துச் சரியென்றுவிட்டுப் போனார். படியடியில், படிக்கட்டு விளக்கின் பழைய சுவிட்சுக்குப் பக்கத்திலேயே புதுச் சுவிட்சுக்குப் பெட்டி வைத்தாள். "அவற்ற கைக்கு ஏத்த மாதிரித் தலைகீழாத்தான் பூட்டவேணும்" என்று என்னிடம் சொன்னாள். கடைசி இணைப்பு மட்டும்தான் மிச்சம். அதை அவரோடு கதைத்துக்கொண்டு செய்வதற்கென்று ஞாயிறுவரை வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு நானும் பேஸ்மென்றில் நின்றேன். பிரேக்கர் நிறுத்தியாயிற்று. மேசையில் ஒரு பற்றரி விளக்கு. பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கறுப்பும், இரண்டு வெள்ளையும், உறையில்லாத செப்புக் கம்பிகளும் நீட்டிக்கொண்டிருந்தன. ரதி ஃபோனை அதற்கு நேரே பிடித்தாள். அண்ணனுக்குப் பின்னால் யாரோ சுவரில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் வயரிங் வேலைதான் நடக்கிறது, வீடு முழுக்கப் புதிதாக இழுக்கிறார்கள் என்றார்.

"இஞ்சேருங்கோ, இந்தக் கறுப்பு ரெண்டையும் எங்க குடுக்கிறது?"

"கறுப்போ? அது நியூட்ரல்தானே. ரெண்டையும் ஒண்டாச் சேர்த்து முறுக்கி உள்ள தள்ளிவிடும். சுவிட்சுக்குச் சிவப்பைக் குடும். சிவப்பு எங்க, காணேல்லை?"

ரதி ஃபோன் பிடித்த கை அப்படியே நின்றது.

"வெள்ளை இருக்கு" என்றாள் கடைசியில்.

"அப்ப அதைக் குடும்."

நான் வாயைத் திறந்தேன். ரதி மற்றக் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். அண்ணன் சொன்னபடி பூட்டினாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் விளக்கில் கரண்ட் நிற்கும். சுவிட்சை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைத்தால் போச்சு. அந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"ஓம், சரி. வைக்கிறன்" என்று ரதி ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பிடிக் கட்டிப்போடாதை" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். தாடிக்காரன் நூறு தரம் சொல்லிப்போட்டான்." முக்காலியில் உட்கார்ந்தாள். "அது இல்லை, கௌசி. எதை மறந்தாலும் இதை மறக்காதேங்கோ எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனிசன். இவ்வளவு நாளும் அவர் வெளியில போயிருக்கிறார் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குத்தான் தெரியுது, போயிட்டார்."

பிறகு எழும்பி வேலையைத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் செய்தாள். கண் மறைத்தால் நிறுத்தி, சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் குறட்டை எடுத்தாள். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தாள். கறுப்பு இரண்டையும் சுவிட்சில் பூட்டினாள். சுவிட்சைப் பெட்டிக்குள் வைக்கும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இனி ஆருக்குத் தலைகீழா?" என்று தனக்குத்தானே கேட்டுவிட்டு, இந்த நாட்டு வழக்கப்படி நேராகப் பூட்டினாள். நான் போய்ப் பிரேக்கரைப் போட்டேன். அவள் மேலே தட்டினாள். அண்ணனின் மேசை, இடுக்கி, ஆணி போட்ட ரின்கள் எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் விழுந்தது. நல்ல வேலை என்று சொல்ல நினைத்தேன். அந்த மேசையில் வேலை செய்ய ஆள் இல்லாதபோது அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் காரை எடுக்கும்போது என் ஃபோன் அடித்தது. அண்ணன். அவர் தானாக எனக்கு எடுத்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

"கௌசி, ரதி எங்க? எடுக்கிறன், எடுக்கிறாளில்லை. நீ ஓடிப்போய்ப் பார். பேஸ்மென்றுக்கு இறங்க விடாதை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். கறுப்பை..." வயர்மன் கறுப்புக் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அது ஊர் முறை, கனடாவில் தலைகீழ் என்று அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது.

ரதி காலை ஷிஃப்டில் நிற்கிறாள், அவளுடைய ஃபோன் லொக்கருக்குள் இருக்கிறது, அவளுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வின்ரர் அவள் தவித்துக்கொண்டு இருந்தாளே, ஒரு நிமிடம் அவரும் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மறுமுனையில் அண்ணன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர். "அவள் சரியாத்தான் கட்டினவள், அண்ணை" என்றேன். "உங்களை நம்பிக் கட்டேல்லை." அவர் அழத் தொடங்கிவிட்டார். என் கலியாணத்தில்கூட அழாத மனிதர்.

வேலை முடிந்து ரதி வீட்டுக்கு வந்த நேரம் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். அண்ணன் நித்திரை கொள்ளாமல் இருந்தார். ரதி ஃபோனோடு பேஸ்மென்றுக்கு இறங்கினாள். நானும் கூடப் போனேன். மேசை விளக்கைப் போட்டுக் காட்டினாள்.

அவர் கன நேரம் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறீர்." பிறகு சொன்னார், "சுவிட்ச் மேல பாத்துக் கிடக்கு."

"ஓம்."

"எனக்குக் கை வராதே."

"வந்து பழகுங்கோ."

இனிப் 'பாப்பம்' வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரதி அதை வர விடவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கு வயரிங் தெரியும். கன நாளாத் தெரியும். செய்து முடிச்சுப்போட்டுத்தான் உங்களைக் கேக்கிறனான். உங்களைப் பாக்காமல் இருக்க ஏலாமல் கேக்கிறனான்."

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

ரதி ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஸ்க்ரூத் தலையில புதுக் கீறல் கிடக்கும். ஒவ்வொரு கிழமையும் கண்டனான். தெரியாத மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தனான். எனக்கும் அந்த அரை மணித்தியாலம் வேணுமாக் கிடந்தது, ரதி."

பிளேனுக்கு ரிக்கெற் போட்டு ஏறினால் முடிகிற விசயம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு பேருக்கும் ஆசை இருக்கிறது. நடுவில் ஒரு கடலும் ஒரு மதிலும் கிடக்கிறது. யாரைத் திட்டுவது? புருசன் பெண்சாதி கதைக்கும் இடத்தில் எனக்கென்ன வேலை என்று படியடிக்கு வந்தேன். படிக்கட்டு விளக்கைப் போடச் சுவரில் கையை வைத்து, அந்தப் பேஸ்மென்ற் வழக்கப்படி கீழே தட்டினேன். கையில் அகப்பட்டது புதுச் சுவிட்ச். எல்லாம் இருட்டாகிவிட்டது.

"ஏன் இருட்டாப் போச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்டுமில்லை. கௌசி பழக்கத்தில தட்டிப்போட்டாள்."

திரும்பப் போடுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். "விடு" என்றாள் ரதி. பிறகு அவரிடம், "நீங்கள் சொல்லுங்கோ. அங்க இப்ப சரியான வெக்கையோ?" என்று கேட்டாள்.

அவர் வெக்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வருவதாகச் சொல்லவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. வெள்ளவத்தைத் தொலைபேசிக் கடையில், கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்த அதே முகம்.